துளியைப் போர்த்தும் புரதம்

பக்கவாதத்திலிருந்து மீண்டு வீடு திரும்பும் முதியவர் ஒருவருக்கு மருத்துவர் கூறும் அறிவுரைகளுள் ஒன்று, "சில காலம் எல்லாவற்றையும் மசித்தே கொடுங்கள்" என்பது. வீட்டார் சோறு, பருப்பு, கேரட், கீரை அனைத்தையும் மிக்சியில் இட்டு அரைத்துக் கிண்ணத்தில் வைக்கின்றனர். முதல் சில நாட்கள் அவர் உண்கிறார். பின்னர்க் கிண்ணத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சுவைக் குறைவு மட்டுமே அதற்குக் காரணமன்று. என்ன உண்கிறோம் என்பதே தெரியாத, ஒரே நிறமான கூழை மூன்று வேளையும் உண்பது யாருக்கும் எளிதன்று. உணவு குறையக் குறைய உடல் மெலிகிறது; நோயிலிருந்து தேறுவதும் தாமதமாகிறது.

மற்றொரு வீட்டின் கவலை வேறு விதமானது. வளரும் குழந்தைக்கு நாள்தோறும் கேரட்டும் கீரையும் தரப்படுகின்றன. ஆனால் அவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் நீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். உணவில் சிறிதளவேனும் கொழுப்பு இல்லையெனில் அதன் பெரும்பகுதி உடலில் சேராமலேயே குடலைக் கடந்து வெளியேறிவிடும். குழந்தை உண்டது உண்மை. உடலில் சேர்ந்ததோ மிகக் குறைவு.

ஒரு தொகையை அனுப்பிவிட்டோம் என்பதும், அது உரியவர் கணக்கில் வரவாயிற்று என்பதும் வேறு வேறு என்பதை வங்கி வாடிக்கையாளர்கள் நன்கறிவர். உணவிலும் அவ்வாறே. சத்தை உணவில் சேர்ப்பது ஒரு பணி. அது வழியில் கெடாமல் சென்று, உரிய இடத்தில் உடலுக்குள் சேருமாறு செய்வது மற்றொரு பணி. இந்த இரண்டாம் பணிக்கும், மேலே கூறிய முதியவரின் தட்டில் உணவுக்கு மீண்டும் உருவம் தருவதற்கும் உணவு அறிவியலார் ஒரே பொருளை நாடுகின்றனர். அது, புரதம் போர்த்திய எண்ணெய்த் துளி.

பாலே முதற்பாடம்

எண்ணெயையும் நீரையும் ஒரு குப்பியில் இட்டுக் குலுக்கினால், சில நொடிகள் கலந்தவைபோல் தோன்றி மீண்டும் பிரிந்துவிடும். பால் அவ்வாறு பிரிவதில்லை. பசும்பாலில் ஏறத்தாழ 4 விழுக்காடும், எருமைப்பாலில் 6 முதல் 7 விழுக்காடும் கொழுப்பு உள்ளது. அக்கொழுப்பு, கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடித் துளிகளாக நீரில் பரவி நிற்கிறது. இத்தகைய கலவையை ஆங்கிலத்தில் 'எமல்ஷன்' என்பர். பால் கறத்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியே வந்த பெயர் அது. தமிழ் அறிவியல் நூல்கள் அதனைப் 'பால்மம்' என வழங்குவதும் பொருத்தமே.

கறந்த பாலைக் காய்ச்சாமல் சில மணி நேரம் அசையாது வைத்தால், கொழுப்புத் துளிகள் மேலேறி ஏடாகப் படியும். இதனைத் தடுக்க, பாலை மிகுந்த அழுத்தத்துடன் நுண்ணிய இடுக்கின் வழியே செலுத்தித் துளிகளை உடைக்கும் பொறி ஒன்றுக்கு, பிரான்சு நாட்டின் ஓகுஸ்த் கோலின் 1899ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அப்பொறி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. துளியின் விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது, அதே அளவு கொழுப்பின் மொத்தப் பரப்பு பத்து மடங்காகிறது. புதிதாகத் தோன்றும் இப்பரப்பை மூடத் துளிகளின் பழைய உறை போதாது. அப்போது பாலிலுள்ள கேசீன் முதலிய புரதங்கள் சென்று துளிகளைப் போர்த்திக்கொள்கின்றன. இவ்வாறு பதப்படுத்திய பாலில் ஏடு தனியே பிரியாதிருப்பதன் காரணம் இதுவே.

புரதத்திற்கு இத்திறன் எவ்வாறு வந்தது? புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதன் சில கண்ணிகள் நீரை விரும்புவன. வேறு சில நீரை விலக்கி எண்ணெயை நாடுவன. எண்ணெய்த் துளியின் விளிம்பை அடைந்ததும் அச்சங்கிலி சற்றே விரிந்து, எண்ணெயை நாடும் பகுதியைத் துளியில் ஊன்றி, நீரை விரும்பும் பகுதியை வெளியே நீட்டுகிறது. இரு துளிகள் நெருங்கினாலும் இடையிலுள்ள புரதப் படலம் அவற்றை ஒன்றுசேர விடுவதில்லை. முட்டையின் மஞ்சள்கருவிலுள்ள புரதங்களும் லெசித்தினும் சேர்ந்து, பெரும்பகுதி எண்ணெயாலான மயோனைஸைப் பிரியாமல் நிறுத்துவதும் இவ்வகையிலேயே.

இப்படலத்திற்கும் எல்லைகள் உண்டு. பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் பால் திரிவதை நாம் அறிவோம். புளிப்பு மிகுந்து, அமிலத்தன்மையின் அளவீடான பி.எச். 4.6 என்னும் நிலையை எட்டும்போது, கேசீன் துகள்களை ஒன்றையொன்று விலக்கி வைத்திருந்த மின்னேற்றம் மறைகிறது. அவை ஒட்டிக்கொண்டு திரளுகின்றன. பன்னீர் எடுத்தபின் எஞ்சும் தெளிநீரில் உள்ள 'வே' புரதங்களோ 70 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் தம் வடிவத்தை இழக்கத் தொடங்குகின்றன. எனவே, புளிப்பான பழச்சாற்றுக்கு ஏற்ற புரதம் வேறு. கொதிக்க வைக்கும் சூப்பிற்கு ஏற்றது வேறு. செல்ல வேண்டிய வழியை அறிந்தே வாகனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனந்திலும் மைசூரிலும்

இத்துறையில் இந்தியாவுக்குத் தனி வரலாறு உண்டு. குஜராத்தின் ஆனந்த் நகரில் 1946ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கத்திற்கு, பனிக்காலத்தில் மிகுதியாக வரும் பாலை என்ன செய்வது என்பது பெருஞ்சிக்கலாக இருந்தது. பொடியாக்கி வைக்கலாம், ஆனால் உலகின் பால்பொடித் தொழிற்சாலைகள் பசும்பாலுக்கென அமைந்தவை. கொழுப்பும் கேசீனும் மிகுந்த எருமைப்பாலைத் தெளிப்பு முறையில் பொடியாக்க இயலாது என்பதே வெளிநாட்டு வல்லுநர் பலரின் கருத்தாக இருந்தது. வர்கீஸ் குரியனுடன் பணியாற்றிய பொறியாளர் எச்.எம். தலாயா அதனைச் செய்து காட்டினார். 1955ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று ஆனந்தின் புதிய பால்பண்ணைத் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார்.

தெளிப்பு முறையில் பால் நுண்துளிகளாக வெப்பக் காற்றினுள் தெளிக்கப்படுகிறது. நீர் நொடிப்பொழுதில் ஆவியாகிவிட, கொழுப்புத் துளிகளைச் சுற்றிப் புரதமும் பாலின் சர்க்கரையும் உலர்ந்த சுவராக அமைகின்றன. அப்பொடியில் மீண்டும் நீர் ஊற்றினால், சுவர் கரைந்து, துளிகள் முன்போலவே பரவுகின்றன. மீன் எண்ணெய், வைட்டமின், நறுமணப் பொருள் ஆகியவற்றை உறையிட்டுப் பொடியாக்கும் இக்காலத் தொழில்நுட்பங்கள் பலவற்றின் அடிப்படை இதுவே.

மைசூரில் 1950ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை உருவாக்கியது. பால் பற்றாக்குறை நிலவிய அக்காலத்தில் அந்நிறுவனம் மற்றொரு முயற்சியையும் மேற்கொண்டது. எண்ணெய் எடுத்தபின் நிலக்கடலையில் எஞ்சும் புரதத்தைத் தூய்மைப்படுத்தி, எருமைப்பாலுடன் சேர்த்து 'மில்டோன்' என்னும் பானத்தை உருவாக்கியது. தாவரப் புரதமும் கொழுப்புத் துளியைத் தாங்கிப் பாலைப் போன்றதொரு பானமாக நிற்கக்கூடும் என்பதை அது காட்டியது. இன்று பட்டாணி, சோயா, கொண்டைக்கடலை, பாசிப்பயறு ஆகியவற்றின் புரதங்களைக் கொண்டு உலகெங்கும் நிகழும் ஆய்வுகளுக்கு அது ஒரு முன்னோடி.

கணக்கேட்டிலிருந்து உணவுக்கு

கார்பன் தாள் வைக்காமலேயே மேல்தாளில் எழுதியது கீழ்த்தாளிலும் பதியும் ரசீதுப் புத்தகங்களை வங்கியிலும் கடைகளிலும் கண்டிருப்பீர்கள். அத்தாளுக்கும் நம் கட்டுரைப் பொருளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1950களில் அமெரிக்காவின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பேரெட் கிரீன் என்பவர், சாயப்பொருள் கரைந்த எண்ணெய்த் துளிகளைச் சுற்றி, ஜெலட்டின் என்னும் புரதத்தையும் வேல மர வகையிலிருந்து கிடைக்கும் கம் அரபிக் பிசினையும் படியச் செய்தார். ஒன்று நேர் மின்னேற்றமும் மற்றது எதிர் மின்னேற்றமும் கொள்ளும் நிலையில், இரண்டும் இணைந்து துளியின்மேல் உறையாகின்றன. அவ்வுறைகள் தாளின் அடிப்பக்கத்தில் பூசப்பட்டன. பேனாவின் அழுத்தத்தில் உறை உடைய, சாயம் கீழ்த்தாளில் எழுத்தாகப் பதிந்தது.

அதே முறை பின்னர் உணவுத் துறைக்கும் வந்தது. ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் நிறைந்த மீன் எண்ணெய், காற்றுப் பட்டால் விரைவில் சிக்கெடுக்கும். அதன் வாடையும் பலருக்கு ஒவ்வாது. புரத உறைக்குள் வைத்தால் காற்றும் வாடையும் கட்டுக்குள் அடங்கும். கணக்கேட்டில் உறையைத் திறந்தது பேனா முனை. உணவில் அதனைத் திறப்பவை நம் வயிற்றின் நொதிகள். ஓர் உறை எங்கே திறக்க வேண்டும் என்பதை அதன் பொருளே முடிவு செய்கிறது. புரதத்தின் சிறப்பும் இங்கேதான் உள்ளது. பயணத்தில் அது காவலாக நிற்கிறது. சேருமிடம் வந்ததும் செரிக்கப்பட்டுத் தானும் உணவாகிறது.

சத்து சேரும் வழி

வாயிலிருந்து புறப்படும் துளி, கடும் அமிலம் நிறைந்த இரைப்பையை முதலில் அடைகிறது. அங்குப் பெப்சின் என்னும் நொதி புரதப் படலத்தை அரிக்கத் தொடங்குகிறது. அடுத்துச் சிறுகுடலில் பித்தநீர் துளியை மேலும் நுண்ணியதாக்க, கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் கொழுப்பைச் சிதைக்கிறது. சிதைந்த கொழுப்பும் பித்த உப்பும் சேர்ந்து 'மைசெல்' என்னும் மிகச் சிறு திரள்களாகின்றன. வைட்டமின் ஏ, டி, பீட்டா கரோட்டின் போன்றவை இத்திரள்களில் ஏறியே குடற்சுவரைச் சென்றடைகின்றன. துளி எவ்வளவு சிறிதோ, நொதி செயற்படும் பரப்பு அவ்வளவு பெரிது. செரிமானமும் அவ்வளவு விரைவு. கேரட்டைத் துருவிச் சிறிது எண்ணெயிலோ நெய்யிலோ வதக்கிப் பரிமாறும் நம் வழக்கம், இந்த அறிவியலுக்கு முழுதும் இசைந்ததே.

மஞ்சளிலுள்ள குர்குமினுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. அது நீரில் அரிதாகவே கரையும்; உட்சென்ற சிறிதளவையும் உடல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடும். மிளகிலுள்ள பைப்பரின் அவ்வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. 1998ஆம் ஆண்டில் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் சில தன்னார்வலரிடம் நடத்திய சிறிய ஆய்வில், பைப்பரின் சேர்த்தபோது இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கு அளவுக்கு உயர்ந்தது. பாலின் கேசீன், குர்குமினைத் தன்னுடன் பிணைத்துக்கொள்ளும் இயல்புடையது. மஞ்சளும் மிளகும் இட்ட பால் எல்லா நோயையும் தீர்க்கும் மருந்து என்று இதனால் ஆகிவிடாது. ஆயினும், கரையாத பொருளுக்குப் பால் ஒரு நல்ல வாகனம் என்பதை ஏற்பதில் தடையில்லை.

அரசின் செறிவூட்டல் திட்டங்களிலும் இதே கருத்தைக் காணலாம். கொழுப்பு நீக்கிய பாலில், கொழுப்புடன் வைட்டமின் ஏ, டி ஆகியனவும் நீங்கிவிடுகின்றன. அவ்விழப்பை ஈடுசெய்ய, ஒரு லிட்டர் பாலில் வைட்டமின் ஏ 270 முதல் 450 மைக்ரோகிராம், வைட்டமின் டி 5 முதல் 7.5 மைக்ரோகிராம் சேர்க்க இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிமுறை வகை செய்கிறது. எண்ணெயில் கரையும் இவ்வைட்டமின்கள், நீரில் பரவும் வண்ணம் பால்மமாக்கப்பட்ட பின்னரே பாலில் சீராகக் கலக்கும். பால் உறையிலும் எண்ணெய்ப் பொட்டலத்திலும் '+எஃப்' என்னும் நீலநிற முத்திரையைக் கண்டால், அப்பொருள் செறிவூட்டப்பட்டது என்று அறியலாம்.

முறுக்கு அச்சும் முப்பரிமாண அச்சும்

இனி, உணவுக்கு உருவம் தரும் கலைக்கு வருவோம். முப்பரிமாண உணவு அச்சுப்பொறி என்றதும் பெரும் வியப்பு தோன்றலாம். ஆனால் அதன் தத்துவம் நம் அடுக்களையில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. முறுக்கு அச்சில் மாவை இட்டு அழுத்துகிறோம். துளை வழியே வெளிவரும் இழையை வட்டமாகச் சுற்றுகிறோம். அச்சுப்பொறியிலோ கையின் இடத்தில் மோட்டாரும், கண்ணின் இடத்தில் கணினியும் உள்ளன. கணினி வரைந்த படத்தின்படி முனை நகர்ந்து, ஓர் அடுக்கின்மேல் மற்றோர் அடுக்காக உணவுக் கூழைப் படியச் செய்கிறது.

மாவின் பதமே முறுக்கின் வெற்றி என்பதை எந்த இல்லத்தரசியும் கூறுவார். நீர் மிகுந்தால் இழை தட்டையாகப் பரவும், குறைந்தால் அறுந்துவிடும். அச்சுக்கூழின் இலக்கணமும் அதுவே. அழுத்தும்போது இளக வேண்டும். அழுத்தம் நீங்கியதும் நின்ற நிலையில் நிற்க வேண்டும். தனி எண்ணெய்க்கும் தனி நீருக்கும் இப்பண்பு இல்லை. அவ்விரண்டும் சேர்ந்த பால்மத்துக்கு உண்டு.

அதன் காரணத்தைப் பழக்கடையில் காணலாம். ஒரே அளவான ஆரஞ்சுப் பழங்களை எவ்வளவு நெருக்கமாக அடுக்கினாலும், மொத்த இடத்தில் 74 விழுக்காட்டை மட்டுமே அவை நிரப்பும், எஞ்சியது இடைவெளி. 1611ஆம் ஆண்டில் யோகான்னஸ் கெப்ளர் கூறிய இக்கருத்துக்கு, 1998ஆம் ஆண்டில்தான் தாமஸ் ஹேல்ஸ் கணிதச் சான்று அளித்தார். பால்மத்தில் எண்ணெய்த் துளிகளின் பங்கு இந்த 74 விழுக்காட்டைத் தாண்டும்போது, துளிகள் ஒன்றையொன்று நெருக்கி உருமாறி, நகர இடமின்றி நிற்கின்றன. நீர்மமான இரு பொருள்கள் சேர்ந்து, வெண்ணெய்போல் உருவம் தாங்கும் பொருளாகின்றன. அழுத்தினால் துளிகள் ஒன்றையொன்று தாண்டி வழுக்கும். விட்டால் மீண்டும் பூட்டிக்கொள்ளும்.

இத்துணை நெருக்கத்திலும் துளிகள் உடையாதிருக்க வலிய உறை வேண்டும். வால்டர் ராம்ஸ்டன் 1903ஆம் ஆண்டிலும், ஸ்பென்சர் பிக்கரிங் 1907ஆம் ஆண்டிலும் கண்டறிந்த ஓர் உண்மை இங்கே துணைபுரிகிறது. மிக நுண்ணிய திண்மத் துகள்கள் துளியின் பரப்பில் படிந்தால், சோப்பு போன்ற பொருள்கள் இன்றியே பால்மம் நெடுநாள் நிலைக்கும் என்பதே அது. இன்று அத்துகள்களைப் புரதத்தாலேயே செய்கின்றனர். சீன ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் பிங்க்ஸும் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நிலக்கடலைப் புரதத்தின் நுண்கூழ்த் துகள்களை மட்டுமே கொண்டு, 87 விழுக்காடு எண்ணெய் உடைய பால்மத்தை நிலைநிறுத்தினர்.

இவ்வளவு எண்ணெய் எல்லோருக்கும் உகந்ததன்று என்பது உண்மை. ஆகவே மற்றொரு முறையும் கையாளப்படுகிறது. புரதத்தைச் சூடாக்கியோ புளிப்பூட்டியோ தயிர்போல் உறையச் செய்து, அந்த வலைக்குள் குறைந்த அளவு எண்ணெய்த் துளிகளை நிறுத்துகின்றனர். வலை உருவத்தைத் தாங்கும்; துளிகள் சத்தைச் சுமக்கும்.

தஞ்சையில் ஓர் ஆய்வகம்

நீண்ட விண்வெளிப் பயணங்களுக்கான உணவை அச்சிட இயலுமா என ஆராய, அமெரிக்காவின் நாசா 2013ஆம் ஆண்டில் 1,25,000 டாலர் நிதி அளித்தது. டெக்சாஸ் மாநிலத்தில் அவ்வாய்வை மேற்கொண்டவர் அஞ்சன் கான்ட்ராக்டர் என்னும் பொறியாளர். ஆஸ்திரியாவின் ரெவோ ஃபுட்ஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டில், பூஞ்சைப் புரதத்தைக் கொண்டு அச்சிட்ட சால்மன் மீன் துண்டு போன்ற சைவ உணவைக் கடைகளில் விற்பனைக்குக் கொணர்ந்தது.

நம் நாட்டில் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி தஞ்சாவூரில் நடைபெறுகிறது. நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாகத் தோன்றி வளர்ந்து, 2021ஆம் ஆண்டில் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்ட தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனமே அது. சி. ஆனந்தராமகிருஷ்ணன் அதன் இயக்குநராக இருந்த காலத்தில் அங்கு முப்பரிமாண உணவு அச்சு ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டன. 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், முட்டையின் வெண்கருவையும் மஞ்சள்கருவையும் அரிசி மாவுடன் கலந்து அச்சிடும் முறை ஆராயப்பட்டது. தனி முட்டைக் கரு ஓடிப் பரவும். அரிசி மாவு சேர்ந்ததும் அது அடுக்கடுக்காக நின்றது. வெளிநாட்டுச் செய்முறையை அப்படியே பின்பற்றாமல், நம் அரிசியையும் நம் பயறுகளையும் கொண்டு இக்கலையை வளர்க்கலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மென்று விழுங்க இயலாதோருக்கு

இத்தொழில்நுட்பத்தின் உண்மையான பயனை முதியோரிடமே காண வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 2012 முதல் 2015 வரை 'பெர்ஃபார்மன்ஸ்' என்னும் திட்டம் நடைபெற்றது. ஜெர்மனியின் பயோசூன் நிறுவனம் அதனை ஒருங்கிணைத்தது. மெல்லவும் விழுங்கவும் இயலாத முதியோருக்காக, மசித்த காய்கறியையும் இறைச்சியையும் அவற்றின் பழைய வடிவிலேயே அச்சிடுவதும், ஒவ்வொருவருக்கும் தேவையான சத்தை அதில் சேர்ப்பதும் அதன் நோக்கம். கேரட் கேரட்டாகவே தோன்றும். நாவில் வைத்ததும் கரையும்.

விழுங்கல் இடர்ப்பாடு உடையோரின் உணவை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாக வகுத்துள்ள பன்னாட்டு முறை ஒன்று இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. அதில் மசித்த உணவு 4ஆம் நிலை. கரண்டியில் எடுத்தால் உருவம் கலையாது நிற்க வேண்டும்; கரண்டியைச் சாய்த்தால் ஒட்டிக்கொள்ளாமல் முழுதாக விழ வேண்டும். மிகவும் நீர்த்த உணவு மூச்சுக்குழலுள் சென்று நிமோனியாவை விளைவிக்கலாம். மிகவும் ஒட்டும் உணவு தொண்டையில் தங்கிவிடலாம். ஆகவே பதம் என்பது இங்கே சுவையைப் பற்றிய செய்தி மட்டுமன்று, உயிரைப் பற்றியது. யாருக்கு எந்நிலை உணவு என்பதை மருத்துவரும் விழுங்கல் பயிற்சி அளிக்கும் வல்லுநருமே முடிவு செய்ய வேண்டும்.

அச்சுப்பொறி வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. வல்லுநர் கூறிய பதத்திற்கு உட்பட்டு, சில மாற்றங்களை இன்றே வீட்டில் செய்யலாம். எல்லாவற்றையும் ஒன்றாக அரைக்காமல், பருப்பு, கேரட், கீரை ஆகியவற்றைத் தனித்தனியே மசித்துத் தனித்தனி நிறமாகப் பரிமாறலாம். நீர் ஊற்றி இளக்குவதற்கு மாற்றாகப் பாலோ தயிரோ சிறிது நெய்யோ சேர்த்தால், பதமும் சத்தும் ஒருங்கே கிடைக்கும். சிறு அச்சுகளில் இட்டு எடுத்தால் உணவுக்கு உருவமும் வரும். தட்டில் இருப்பது இன்னது என்று தெரிந்து உண்பது, உண்பவரின் மதிப்பைக் காப்பதும் ஆகும்.

கவனத்திற்குரியவை

புதுமை என்பதாலேயே எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பால், முட்டை, சோயா, நிலக்கடலை, கோதுமை ஆகியவற்றின் புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். உறையிலுள்ள மூலப்பொருள் பட்டியலைப் படித்தே வாங்க வேண்டும். வைட்டமின் ஏ, டி ஆகியன உடலில் தேங்குபவை. எளிதில் சேரும் வடிவில் வரும்போது அளவு மீறாதிருத்தல் இன்னும் முக்கியம். நலமுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ஆம் ஆண்டில் அளித்த பரிந்துரை. உடல் பெருக்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என 2024ஆம் ஆண்டின் உணவு வழிகாட்டி அறிவுறுத்துகிறது. அச்சிடுதலும் விரைவான பணியன்று. பெரும் பந்திக்கு உகந்ததும் அன்று. ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவு தேவைப்படும் மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களே அதற்கு முதலில் பொருந்துவன.

தொழில்முனைவோர் கவனத்திற்கு

இத்துறையில் நுழைய விரும்புவோர், விலையுயர்ந்த பொறியிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. சோயாப்பால், நிலக்கடலைப்பால், முட்டையில்லா மயோனைஸ், செறிவூட்டிய நறுமணப் பால் ஆகியன யாவும் புரதப் பால்மங்களே. துளியைப் பிரியாமல் நிறுத்தும் கலையை இவற்றில் பயின்றவர், பின்னர் உறையிட்ட சத்துப்பொடிக்கும் அச்சுக்கூழுக்கும் முன்னேறலாம். 2020ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம், தகுதியுள்ள திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, ஒரு தொழிலகத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரை, வங்கிக் கடனுடன் இணைந்த மானியமாக வழங்க வகை செய்தது; முனைவோரின் சொந்தப் பங்கு குறைந்தது 10 விழுக்காடு. திட்டத்தின் நடப்பு நிலையையும் விதிமுறைகளையும் தங்கள் கிளையில் கேட்டறிந்த பின்னர்த் திட்ட அறிக்கை தயாரிப்பது நலம். வழக்கில் இல்லாத புதிய மூலப்பொருளைப் பயன்படுத்துவதாயின், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறைப்படி முன் ஒப்புதல் தேவை என்பதையும் நினைவிற்கொள்க.

ஓர் எண்ணெய்த் துளியும் அதன்மேல் ஒரு புரதப் படலமும் இயற்கை பாலில் என்றோ அமைத்துவைத்தவை. அதனைப் பொடியாக்க ஆனந்தில் கற்றோம். தாவரப் புரதத்தால் நீட்டிக்க மைசூரில் கற்றோம். உருவம் கொடுக்கத் தஞ்சையில் கற்று வருகிறோம். இந்த அறிவு முழுமை பெறுவது ஆய்வகத்தில் அன்று. கிண்ணத்தைக் கண்டு முகம் திருப்பிய முதியவர், மறுநாள் தட்டைப் பார்த்து, "இது கேரட்தானே?" என்று கேட்டு உண்ணத் தொடங்கும்போதுதான் அது தன் இடத்தைச் சென்றடைகிறது.